நம்பிப் போகலாமா?

படகுத்துறையில் நண்டு வறுவல் விற்கும் தேசம்மாளிடம், குழந்தைகளோடு வந்திருந்த ஆர்த்தி விசாரித்தாள்.

"அக்கா, பூநாரை பார்க்கணும். தாமோதரன்னு ஒரு படகுக்காரரைச் சொன்னாங்க. நம்பிப் போகலாமா?"

"அவரு வாணாம்மா. குடிச்சிட்டு ஓட்டுவாரு. தீனா படகுல போ. லைஃப் ஜாக்கெட் குடுப்பான். பறவைங்க கிட்ட போயி வெரட்ட மாட்டான்."

ஆர்த்தி சிரித்தாள். "தீனா உங்களுக்குச் சொந்தமா?"

"இன்னாமா நீ! பசங்களோட போறியேன்னு சொன்னேன்."

தீனாவின் படகு அவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. சற்று நேரத்தில் தாமோதரன் வாடிய முகத்தோடு கடைக்கு வந்தார். இன்றும் அவருக்குச் சவாரி இல்லை.

"நான் குடிக்கிறேன்னு எவனோ கெளப்பி வுட்டிருக்கான். ஒரு சொட்டு தொட்டிருப்பேனா நானு?"

தேசம்மாள் எண்ணெய்ச் சட்டியிலிருந்து நிமிரவில்லை. போன மாதம், எதிரே வந்த படகு கண்ணுக்குத் தெரியாமல் அவர் மோதப் போனதை அவள் பார்த்திருந்தாள். பார்வை அந்த அளவுக்கு மங்கிவிட்டது. டாக்டரிடம் வர மறுத்ததோடு, வெளியே சொல்லக் கூடாதென்று அவளிடம் சத்தியமும் வாங்கியிருந்தார்.

தாமோதரன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஊரே சொல்லட்டும். கட்டுன பொண்டாட்டி நீ நம்பல இல்ல? எனக்கு அது போதும்."