உடுப்பில் தைத்த பெயர்

எப்பா, பெரிய கையுறை போட்டாச்சு, அதான் வாயால சொல்லுதேன், போனே எழுதிக்கிடும். இன்னும் கொஞ்ச நேரத்துல சீனா விண்வெளி நிலையத்துக்கு வெளிய போயி நான் சோலார் பலகை மாத்துறது டிவியில வரும். என்னப் பொற்கொடின்னு சொல்லலையேன்னு பதறிராதீங்க.

சீனாக்காரங்களுக்குக் குடும்பப் பேருதான் முன்னால வருமாம். என் பேருக்கு முன்னால உங்க பேருதானே இருக்கு? அதையே என் உடுப்புல நெஞ்சுக்கு நேரா பெருசா தச்சுட்டாங்க. "சுடலைமுத்து, சாப்பிட்டியா"ன்னுதான் இங்க எல்லாரும் கேக்காங்க.

நீங்க வேலை பாக்குற ஹார்பர்ல யாரு பேரு கேட்டாலும் வெறும் முத்துன்னுதான் சொல்லுவீங்க, சுடலைன்னா சிரிக்காங்கன்னு. இங்க ஒருத்தரும் சிரிக்கலப்பா.

இப்பதான் கேப்டன் லியாங் அக்கா வந்து, "இது உங்க அப்பா பேராமே, மாத்தித் தச்சிரவா?"ன்னாங்க. "வேண்டாம்க்கா, அப்பா பேரோட போனாத்தான் எனக்குத் தைரியம்"னேன்.

கதவத் திறக்கப் போறாங்க. அம்மைய அழாம இருக்கச் சொல்லுங்க. தெருவுல எல்லாரையும் கூப்பிட்டு டிவி முன்னால உக்கார வைங்க. உங்க பேர முழுசா வாசிப்பாங்க.