வேலை செய்தால் முழு வரி

“இன்னும் சோதனை முடியலையா சார்? கரன்ட் இல்லாம என் தையல் மிஷின் ரெண்டும் தூங்குது. தம்பி வெளிநாட்டுலேர்ந்து ஆசையா அனுப்பின சோலார் பேனல் சார். மூலையில சிவப்பு பெயின்ட்ல ‘அக்காவுக்கு’ன்னுகூட எழுதியிருப்பான்.”

சுங்க அதிகாரி கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“எத்தனை தடவைம்மா சொல்றது? பேனல் வேலை செஞ்சா முழு இறக்குமதி வரி. வேலை செய்யலைன்னா பழைய சாமான் வரி, அது கொஞ்சம்தான். எதுன்னு தெரியாம நான் எப்படி வரி போடறது?”

“வெயில்ல வெச்சா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடுமே சார்!”

“எனக்கே பாடம் எடுக்கறீங்களா? அடுத்த மாசம் வாங்க.”

“போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. வாடிக்கையெல்லாம் அடுத்த தெரு கடைக்குப் போயாச்சு. இன்னும் ஒரு மாசம்னா கடைக்குப் பூட்டுதான்.”

சட்டென்று கரன்ட் போனது. விளக்குகள் அணைந்தன. ஜெராக்ஸ் மிஷின் பாதித் தாளைக் கடித்தபடி நின்றது. அதிகாரியின் மேஜை மின்விசிறி மட்டும் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் அதன் ஒயரைக் கண்ணாலேயே தொடர்ந்தாள். அது ஜன்னல் வழியாக வெளியே போய், சைக்கிள் ஷெட்டின் கூரைமேல் ஏறியது. அங்கே ஒய்யாரமாக வெயில் காய்ந்துகொண்டிருந்த பேனலின் மூலையில் சிவப்பாக ‘அக்காவுக்கு’ என்றிருந்தது.

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். “சோதனை நடந்துக்கிட்டுதாம்மா இருக்கு.”

அவள் ஒயரைப் பிடுங்கினாள். விசிறி தள்ளாடி நின்றது.

“பாருங்க சார், வேலை செய்யலை. பழைய சாமான் வரியே போட்டுடுங்க.”