அழாத பட்டை

ஆராய்ச்சி நிலையம் ஊரிலிருந்த கர்ப்பிணிகளுக்கெல்லாம் குழந்தையின் துடிப்பைக் கவனிக்கும் வயிற்றுப்பட்டை கொடுத்திருந்தது. வசந்தாமணி வீட்டில் இரண்டு: வளைகாப்பு முடிந்து வந்திருந்த மகள் மிதுனாவுக்கு ஒன்று, மருமகள் ஷர்மிளாவுக்கு ஒன்று. வயிற்றில் குழந்தை சற்று அசையாமல் இருந்தாலே மகளுடைய பட்டை வீறிட்டு அழும். மருமகளுடையது வாயே திறக்காது.

“எம்புள்ள கண்ணசர முடியல. உனக்கென்ன, இடி விழுந்தாலும் தூங்குவே” என்று மருமகளிடம் சொல்லி, வசந்தாமணி இருவர் பட்டைகளையும் மாற்றிக் கட்டிவிட்டாள்.

ஒன்பதாம் மாதம் மிதுனாவுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. பட்டையைத் திரும்ப வாங்க வீட்டுக்கு வந்த நர்ஸ், அதைத் தன் கருவியில் வைத்துப் பார்த்தாள்.

“பொறக்கறதுக்கு மூணு நாளைக்கு முன்னாடியே துடிப்பு கொறஞ்சிருக்குதுங்கம்மா. இதுல பதிவாயிருக்குது.”

“அப்பறம் ஏன் அழுகல?” என்றாள் வசந்தாமணி.

“பாதிப் பட்டைங்க அழுகாதுங்க, பதிவு மட்டுந்தான். அழுகற பட்டை எத்தன உசுரக் காப்பாத்துதுன்னு ஒப்பிட்டுப் பாக்கோணுமில்லீங்க? சீட்டுக் குலுக்கித்தான் குடுத்தோம்.”

அடுத்த அறையில் ஷர்மிளாவின் பட்டை வீறிட்டது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

பால் கட்டிய மார்பை அழுத்திக்கொண்டு படுத்திருந்த மிதுனா எழுந்து உட்கார்ந்தாள்.

“அது என்னோட பட்டைதானம்மா?”