மீசைக்காரத் தம்பி

"இவன் பண்ற அட்டகாசத்தைப் பார்த்தியா? மறுபடியும் சோப்பையெல்லாம் தூக்கி வாசப்பக்கம் வெச்சுட்டான்!"

கடைக்காரர் போனை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார். மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்த அவள், டப்பாவைத் திறந்தபடியே எட்டிப் பார்த்தாள். திரையில் ஒரு பழங்காலத்து மளிகைக் கடை. எண்ணெய் விளக்கு, தொங்கும் தராசு, வாசலில் மூட்டையோடு மாட்டு வண்டி. நடுக்கடையில் முறுக்கு மீசையுடன் ஒருவன் அசையாமல் நின்றான்.

"யாருங்க இந்த மீசை?"

"என் தம்பி."

"உங்க தம்பிக்கு ஏதுங்க இவ்வளவு மீசை?"

"அட, இது விளையாட்டு! நான் அண்ணன், இவன் தம்பி. நூறு வருஷத்துக்கு முந்தி கடை நடத்துற குடும்பம். நம்ம பொண்ணு ஏத்திக் கொடுத்துச்சு. 'தம்பியா ஆடுறது உங்களுக்கு வேண்டிய ஆள்தான்பா, யாருன்னு நீங்களே கண்டுபிடிங்க'ன்னு சொல்லிட்டு ஹாஸ்டலுக்குப் போயிடுச்சு. எனக்கு மண்டை காயுது."

மண்டை காய அவருக்கு நேரம் நிறையவே இருந்தது. எதிரே ஏசி போட்ட பெரிய கடை வந்ததிலிருந்து இவர் கடையில் ஈ ஓட்டும் வேலைதான். பேசாமல் கடையை மூடிவிட்டு இடத்தை வாடகைக்கு விட்டுவிடலாமா என்று தினமும் யோசித்தார். மூட மனசு வரவில்லை, நடத்த வழி தெரியவில்லை. போனுக்குள் இருந்த கடையிலோ கூட்டம் தள்ளுமுள்ளு. எல்லாம் அந்த மீசைக்காரன் கைவரிசை.

"சோப்பு வாசனை டீத்தூள்ல ஏறிடும்னு தள்ளி வைக்கிறான். தட்டு காலியாத் தெரியாம, இருக்கிற சரக்கை முன்னாடி இழுத்து அடுக்குறான். பிள்ளைங்க கண்ணுக்கு நேரா மிட்டாய் ஜாடி. இதெல்லாம் எங்கப்பா பண்ணினது! அவர் போனதும் நானே விட்டுட்டேன். வெளியாளுக்கு எப்படித் தெரியும்?"

"அதைத்தான் நானும் சொன்னேன். நம்ம கடையையும் அப்படி மாத்தலாம், நானும் கூட வந்து உக்கார்றேன்னு..."

"நீ ஒருத்தி! கடையில உக்கார்றது என்ன கோலாட்டமா? சாப்பாட்டைப் போடு."

அவள் போட்டாள். முதல் வாய் வைத்தவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"அப்பாகூடக் கடையில நின்னது ரெண்டே பேர். ஒண்ணு நான். இன்னொண்ணு... அடடே, அவனேதான்! என் நிஜத் தம்பி!"

தம்பி ஒரு வாய்த் தகராறில் கடையை விட்டுப் போனவன். அன்றோடு பேச்சும் நின்றுபோயிருந்தது.

"என்னங்க, அவசரப்படாதீங்க. நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். இந்த மீசைக்காரன் வந்தா கடை பிழைச்சுக்கும். பாதிக் கடை அவனுக்கு!"

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும். இது சத்தியம்."

 அவள் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

மறுநாள் காலை தம்பி, பள்ளிக்கூட வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தான்.

"அண்ணே! நீங்களா?"

"நடிச்சது போதும்டா. கண்டுபிடிச்சுட்டேன். கிளம்பு கடைக்கு. மீசையை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோ."

தம்பி தன் மழமழவென்ற மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அண்ணனுக்கு உடம்பு ஏதும் சரியில்லையோ என்று பயந்துபோய் உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தான். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, பட்டன் தேய்ந்துபோன தன் பழைய போனை எடுத்துக் காட்டினான்.

"இதுல பேசுறதே பெரும்பாடு. இதுல எங்கண்ணே விளையாடுறது?"

"அப்போ அந்தச் சோப்பு, டீத்தூள்?"

"அது ரெண்டையும் ஒண்ணா அடுக்கி அப்பாகிட்ட திட்டு வாங்கினவனே நான்தான். அதுவும் அவரு கடைசிக் காலத்துலதான் அப்படி மாறினாரு. அதுக்கு முன்னாடி அவரே எல்லாத்தையும் ஒரே மூலையிலதானே கொட்டி வெச்சிருந்தாரு? யாரு சொல்லிக் கொடுத்தாங்களோ!"

கடைக்காரருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. தம்பி டீ போட்டுக் கொடுத்தான், அண்ணியை விசாரித்தான். பழைய தகராறைப் பற்றி இருவருமே பேசவில்லை. அந்த மட்டில் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் "கடை உங்களுக்கு, வண்டி எனக்கு. அதுதாண்ணே சரி" என்று தம்பி முடித்துவிட்டான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் சாய்ந்தார். மகள் இல்லை, தம்பி இல்லை, வெளியாளும் இல்லை என்றால் பிறகு யார்தான் இவன்? போனைத் திறந்தார். மீசைக்காரன் சுறுசுறுப்பாக ஜாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. தட்டுத் தடுமாறி விளையாட்டுக்குள்ளேயே அவனுக்கு எழுதினார்.

"தோத்துட்டேன். நீங்க யாருன்னு எனக்குப் புரியல. ஆனா நீங்க வரலைன்னா நாளைக்குக் கடையை மூடிடுவேன். வந்தா பாதிக் கடை உங்களுக்கு. வர்றீங்களா?"

மீசைக்காரன் துடைப்பதை நிறுத்தினான்.  பிறகு அவன் தலைக்கு மேலே எழுத்துகள் வந்தன.

"வர்றேன். மாமாவுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்ததே நான்தானே. இப்போ போனை வெச்சுட்டு வாங்க, தட்டு போட்டாச்சு."