சிறப்பு

"மார்ச் 14. சின்னத் தவறு ஒன்று: கூட்டத்துக்குச் சீக்கிரமே போய்விட்டேன்" என்று டைரியில் எழுதினாள் மாலை வகுப்புக்காரி. மீதியை எழுதக் கை கூசியது.

பல்கலைக்கழகத்தில் சிறப்புப் பட்ட, அதாவது ஹானர்ஸ், மாணவர்களுக்கான கூட்டம். வெளிநாட்டுப் பயிற்சிக்கு ஒரே ஓர் இடம். போன மாதம்தான் சிறப்புப் பிரிவுக்குத் தேறியிருந்த அவளுக்கு, உள்ளே விடுவார்களா என்றே சந்தேகம்.

வாசல் மேசையில் 'சிறப்பு' என்று அச்சடித்த அட்டை ஒன்று இருந்தது.

"சிறப்பு நீங்கதானா?" என்றாள் மேசைக்காரப் பெண்.

"ஆமாங்க. போன மாசம்தான் ஆனேன்."

"அடேயப்பா, இந்த வயசுலயா! வாங்க மேடம்."

முன்வரிசை சோபா, குளிர்ந்த ஜூஸ். துறைத்தலைவரே எழுந்து கும்பிட்டார். "நீங்க வந்ததே எங்களுக்குப் பெருமை!" இத்தனை நாள் வீணாகப் பயந்தோமே என்று அவள் கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

வாசலில் வழுக்கைத்தலையர் ஒருவர் மூச்சிரைக்க வந்து நின்றார். "நான்தாம்மா சிறப்பு."

"சிறப்பு அப்பவே வந்தாச்சு. பின்னாடி போய் நில்லுங்க சார்."

பாவம், இந்த வயதிலும் படிக்கிறாரே என்று அவள் உச்சுக்கொட்டினாள்.

அதற்குள் மைக் முழங்கியது. "பயிற்சிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கப்போகும் நம் சிறப்பு விருந்தினர் இப்போது பேசுவார்!"

மண்டபமே அவளைப் பார்த்துக் கைதட்டியது. பின்சுவரில் சாய்ந்து நின்ற வழுக்கைத்தலையர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

டைரியில் கடைசி வரியை எழுதினாள்: "நாளை காலை பத்து மணிக்கு அவரிடம் நேர்காணல். அவர் உட்கார்ந்த பிறகுதான் உட்கார வேண்டும்."