முப்பத்தேழாவது பொருள்

முப்பத்தாறு பொருட்களை இருபதே நிமிடத்தில் பிரித்துக்கொண்ட கணவனும் மனைவியும் முப்பத்தேழாவதில் வந்து மல்லுக்கு நின்றார்கள்.

வக்கீலம்மா பேனாவை மூடிவைத்தார்.

பிரிந்து போகிற யாராக இருந்தாலும் வீட்டுச் சாமானை ஒன்றுவிடாமல் எழுதச் சொல்லி, இரண்டு பத்தியாகப் பிரித்துக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் அவர் மனுவைத் தாக்கல் செய்வார். ஒரு மிக்ஸி மூடிக்காக நான்கு மாதம் இழுத்தடித்த தம்பதியைப் பார்த்த நாளிலிருந்து வந்த பழக்கம்.

இவர்களுடைய பட்டியலோ சுத்தக் கேலிக்கூத்து. வீடு வாடகை. சோபா வாடகை. குடிநீர் சுத்திகரிக்கும் மெஷின்கூட வாடகை. பைக் தவணையில் ஓடுகிறது. பாட்டு, படம், உடற்பயிற்சி எல்லாம் மாதச் சந்தா. சொந்தம் என்று சொல்லிக்கொள்ளத் தேறியவை கொஞ்சம் பாத்திரமும் ஒரு பீரோவும் கல்யாண ஆல்பமும்தான். ஆல்பத்தை இருவருமே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

முப்பத்தேழாவது, ஒரு வீடியோ கேம்.

இரண்டு பேருக்கும் ஏழு கழுதை வயசாகிறது. அவன் லிஃப்ட் மெக்கானிக், அவள் மருந்துக்கடையில் மருந்தாளுநர். கேமில் இரண்டு பேர் ஆன்லைனில் சேர்ந்து ஒரு பீரோவை ஏழு மாடி இறக்க வேண்டுமாம். ஒருவர் பிடி தளர்ந்தால் இருவரும் சேர்ந்து உருள்வார்களாம். சந்தா அவள் பெயரில் இருக்கிறது, அவன் அதில் குடும்ப உறுப்பினர். இந்த மாதக் கடைசியோடு கம்பெனிக்காரன் அந்தக் கேமைச் சந்தாவிலிருந்து தூக்கிவிடுகிறான்.

அதனால் விலை கொடுத்தே வாங்கிவிட வேண்டும் என்பது அவன் கட்சி. லிஃப்டை யாராவது சந்தாவுக்கு மாட்டுவார்களா, ஒரு தடவை மாட்டினால் கட்டடம் நிற்கும்வரை நிற்கும், காசு கொடுத்து வாங்கியதை எவனும் வந்து கழற்றிக்கொண்டு போக முடியாது என்றான்.

அவளுக்குக் காலாவதித் தேதி பார்த்துப் பார்த்தே பழகிய கண். எதுவானாலும் ஒருநாள் முடியத்தான் போகிறது, சந்தாவில் இன்னும் முந்நூறு கேம் கிடக்கிறது, போவதைப் பிடித்துத் தொங்குவானேன் என்றாள். விலைக்கு வாங்கின கேமையே சர்வரை நிறுத்திவிட்டுக் கம்பெனிக்காரன் கைவிரித்த கதை தெரியாதா என்றும் ஒரு போடு போட்டாள்.

அவன் விடவில்லை. எந்த மாதம் என்ன தள்ளுபடி, எத்தனை மாதச் சந்தாவுக்கு ஒரு கேம் சமம் என்று விரல் மடக்கி ஒப்பித்தான். அவள் பிறந்தநாளை இரண்டு வருடம் மறந்தவன் இவன்தான். முதல் நாள் அவள் சொன்ன புகார்களில் அதுதான் முதல் புகார்.

நாற்பது நிமிடம் ஆயிற்று. மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறவருக்கு நஷ்டமொன்றும் இல்லை. ஆனாலும் வக்கீலம்மாவுக்கு மண்டை காய்ந்தது. நிஜ பீரோவை யாருக்கு என்று ஒரே வார்த்தையில் முடித்தவர்கள், பொம்மை பீரோவுக்குப் பாகப்பிரிவினை கேட்கிறார்கள்.

"வேணும்னா நீங்க வாங்கிக்கோங்க சார், வேண்டாம்னா நீங்க விட்டுடுங்கம்மா. இதுல சண்டை போட என்ன இருக்கு?"

ஒருவர் மட்டும் வாங்கி என்ன செய்வது, தனி ஆளாக உட்கார்ந்தால் அந்தக் கேம் தொடங்கவே தொடங்காது என்று அவன் மேஜையைப் பார்த்து முணுமுணுத்தான்.

ஆதாரம் இல்லாமல் எதையும் எழுதுகிற வழக்கம் வக்கீலம்மாவுக்குக் கிடையாது. சந்தாக் கணக்கின் நகலையும் கேட்டு வாங்கியிருந்தார். அவளே அச்செடுத்து, ஓரம் மடங்காமல் கோப்பில் வைத்துக் கொண்டுவந்த தாள். அதை இப்போதுதான் உருவிப் படித்தார்.

கடைசியாக விளையாடிய நாள், நேற்று. ஆட்டக்காரர்கள், இருவர். இரண்டு மணி பத்து நிமிடம்.

அதற்கு அடுத்த வரி முந்தாநாள். அதற்கடுத்தது அதற்கும் முந்தின நாள். தாள் முழுக்க இதே வரிதான், தேதி மட்டும் மாறிக்கொண்டு போனது.

வக்கீலம்மா மனுவின் முதல் பக்கத்துக்குப் போனார். பத்தொன்பது வருடமாக எல்லா மனுவிலும் அவர் எழுதிவரும் வாசகம் அங்கே இருந்தது. 'மேற்படி இருவரும் பதினான்கு மாதங்களாகத் தனித்தனியே வசித்து வருகின்றனர். அவர்களுக்கிடையே எவ்விதத் தொடர்பும் இல்லை.' கீழே இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

மனுவை அவர்கள் பக்கம் திருப்பி, தொடர்பு இல்லை என்ற வரியின்மேல் விரலை வைத்தார். இதை அடித்துவிடவா, இருக்கட்டுமா என்று கேட்டார். குரலில் இருந்த எரிச்சல் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

"மாசக் கடைசிக்கு அப்புறம் அந்த வரி சரியா இருக்கும் மேடம்."

அவன் நிமிர்ந்தான். வக்கீலம்மாவைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான்.

"வாங்கிடலாம்னுதானே காலையிலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்," என்றான்.