முள் இறங்காத பத்து நிமிடம்

நூறு குடிசைக்கு ஒரே குழாய் உள்ள தெருவில் வளர்ந்த என் மகள், பயிற்சிக் கூடத்துச் சுவரில் தான் பொருத்திய குழாய்களின் முன்னால் கைகட்டி நிற்கிறாள். நாளைக்கே வேலையா, இன்னொரு மாதப் பயிற்சியா என்பது இந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது. பயிற்சியாளர் கைப்பம்பை அடித்துத் தண்ணீரை உள்ளே இறுக்குகிறார். அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் ஆறுக்கு ஏறுகிறது. எங்காவது கசிந்தால் முள் இறங்கிவிடும். இணைப்புகளுக்குக் கீழே விரித்த செய்தித்தாளில் சன்னல் வெயில் விழுகிறது. போன வாரம் அந்த இடத்தில் தாள் ஊறிக் கிழிந்தது. "என்னக்கா, இன்னைக்கும் பேப்பருக்குக் குளியலா?" என்கிறான் பக்கத்துச் சுவரில் குழாய் மாட்டுகிற பையன். "முதல்ல உன் வாயைத்தான்டா அடைக்கணும்" என்கிறாள், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல். கூடமே சிரிக்கிறது. மூட்டை இறக்கிய சிமெண்டுத் தூசியோடு உள்ளே வரக் கூசி, வாசலிலேயே தலைத்துண்டை முறுக்கிக்கொண்டிருக்கிறேன். பயிற்சியாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், மீட்டரை விரலால் சுண்டுகிறார். முள் ஆறிலேயே இருக்கிறது. தாளை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறார். பொட்டு ஈரமில்லை. "தேறிட்டம்மா. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வேலைக்கு வந்துடு" என்று சொல்லித் தண்ணீரைத் திறந்துவிடக் கையை நீட்டுகிறார். மகள் குறுக்கே வருகிறாள். "இருங்க சார், இன்னும் பத்து நிமிஷம் நிக்கட்டும். எங்கப்பா உள்ள வந்து பாக்கணும்."